யார் பெரிய ஆளாக வருவாள்?

"ரெண்டு பேருல யாரும்மா பெரிய ஆளா வருவா?"

2013இல், சிலாங்கூரில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் யோசிக்கவே இல்லை. உடனே பதில் சொன்னேன். அந்தப் பதில் சரியா தவறா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஒரு பதிலைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இன்று ஏதோ ஒரு பள்ளியில், ஏதோ ஒரு கிளையில், சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டோ பாட்டோ படிப்போ சொல்லித் தருகிறீர்கள். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு பேர், ஒரே இடம்

அப்போது எனக்கு 24 வயது. பள்ளிக் காலத்தில் நானும் ஓடியவள்தான். மாவட்ட அளவைத் தாண்டியதில்லை. வேலைக்குப் போன பிறகு, எங்கள் கிளை சார்பில் சனிக்கிழமை காலையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குறுக்கோட்டப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். திடலைச் சுற்றி, பின்பக்கச் செம்பனைத் தோட்டத்து மண் பாதை வழியாகப் போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டர். பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் மைலோவும் ரொட்டியும். அதுக்காகவே வந்த பிள்ளைகளும் உண்டு.

அந்த வருடம் இரண்டு பெண் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். பெயர் வேண்டாம். ஒருத்தி இரட்டைச் சடைக்காரி. ஒல்லி, குள்ளம், ஓடினால் கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. இன்னொருத்தி குட்டை முடிக்காரி. அந்த வருடத் தொடக்கத்திலேயே வயதுக்கு வந்துவிட்டவள். உயரம், கொஞ்சம் உடம்பு. ஓடும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு, யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்பதுபோல ஓடுவாள்.

ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு பயிற்சி முகாம் வந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டும் செலவு கொடுக்க ஒரு நல்ல மனிதர் முன்வந்தார். தேர்வு ஓட்டம் வைத்தோம். இரட்டைச் சடைக்காரி 8 நிமிடம் 22 விநாடி. குட்டை முடிக்காரி 8 நிமிடம் 53 விநாடி. அப்போதுதான் அந்தப் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சந்தேகமே இல்லங்க. சின்னவதான். நேஷனல் வரைக்கும் போவா. மத்தவ நல்லாதான் ஓடுறா, ஆனா அவ்வளவுதான். உடம்பு வந்துருச்சில்ல."

குட்டை முடிக்காரி எனக்குப் பின்னால் நின்று சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று அன்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நோட்டில் இருந்த இன்னொரு கணக்கு

இரண்டு வருடத்துக்கு முன்பு வீடு மாறும்போது அந்தப் பழைய நோட்டு கையில் கிடைத்தது. உட்கார்ந்து பார்த்தேன். அன்றைய ஓட்டத்தில், பாதித் தூரத்தில் நின்ற ஒரு தம்பி குறித்துக் கொடுத்த நேரங்களும் அதில் இருந்தன. முதல் கிலோமீட்டரை இரட்டைச் சடைக்காரி 3:56இல் கடந்திருக்கிறாள். குட்டை முடிக்காரி 4:34. கழித்துப் பாருங்கள். இரண்டாவது கிலோமீட்டரில் முதலில் வந்தவள் 4:26 எடுத்திருக்கிறாள். பின்னால் வந்தவள் 4:19. பிந்திய பாதியில் வேகமாக ஓடியது, நான் "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்ட பிள்ளை.

இதை வைத்து, அவள்தான் உண்மையில் சிறந்தவள் என்று சொல்ல வரவில்லை. முன்னால் ஓடியவள் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்து மெதுவாக வந்திருக்கலாம். பின்னால் ஓடியவள் தொடக்கத்தில் பயந்து நின்றிருக்கலாம். ஓர் ஓட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் என் கையிலேயே இரண்டு கணக்கு இருந்தது. நான் கடைசி வரியை மட்டும் படித்தேன். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

12 வயது என்பது ஒரே வயதல்ல

பெண் பிள்ளைகளின் ஓட்டத்தை ஒப்பிடும்போது நாம் மறந்துவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. பிறந்த சான்றிதழில் இருவருக்கும் 12 வயதுதான். உடம்புக்கு அப்படி இல்லை. சிலர் 10 வயதிலேயே பூப்படைகிறார்கள், சிலருக்கு 15 ஆகிறது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே உடல் வளர்ச்சியில் மூன்று நான்கு வருட வித்தியாசம் இருக்க முடியும்.

வளர்ச்சி தொடங்காத உடம்பு லேசானது. நீண்ட ஓட்டத்தில் லேசான உடம்புக்குச் சாதகம் அதிகம். வளர்ச்சி தொடங்கிய பிள்ளைக்கு உயரம் கூடும், இடுப்பு அகலும், எடை ஏறும். கால் நீண்டுவிட்டதால் பழைய ஓட்ட நடையே மாறிப்போகும். அந்த ஒன்றிரண்டு வருடம் எவ்வளவு பயிற்சி செய்தாலும் நேரம் குறையாமல் அப்படியே நிற்கலாம். சிலருக்குப் பின்னோக்கியும் போகலாம். இது சோம்பேறித்தனம் இல்லை. பொறுமையாக விட்டால், அந்த உடம்புக்கு ஏற்ற பலம் பிறகு வந்து சேர்கிறது. ஆனால் அந்த இடைவெளியில்தான் நாம் "பழைய வேகம் இல்லையே" என்று சொல்லி விடுகிறோம், பிள்ளைகளும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அன்று நான் ஒப்பிட்டது இரண்டு ஓட்டக்காரிகளை அல்ல. வளர்ச்சி தொடங்காத ஓர் உடம்பையும், வளர்ச்சியின் நடுவில் நின்ற ஓர் உடம்பையும் ஒப்பிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் வைத்தேன்.

உலகப் போட்டிகளைப் பார்த்தால்?

"பெரிய வீராங்கனைகளைப் பாருங்க, சின்ன வயசுலயே தெரிஞ்சிரும்" என்று சொல்வார்கள். தெரிந்த சிலரை எடுத்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 12 வயதில் ஓடிய தேசிய குறுக்கோட்டத்தில், சுமார் 600 பிள்ளைகளில் 299ஆவதாக வந்தார். அடுத்த வருடம் அதே போட்டியில் 4ஆவது. 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 16 வருடம் நின்றது. கென்யாவின் விவியன் செருயோட் 17 வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓடி 14ஆவதாக வந்தார். அதே தூரத்தில் அவருக்குத் தங்கம் கிடைத்தது 2016இல், 16 வருடம் கழித்து. எத்தியோப்பியாவில் பிறந்து அகதியாக நெதர்லாந்து போன சிஃபான் ஹசான் ஓடத் தொடங்கியதே 15 வயதில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம், 2024 பாரிஸில் மாரத்தான் தங்கம்.

உடனே, "ஆக, சின்ன வயதில் தோற்பவர்கள்தான் பிறகு ஜெயிப்பார்கள்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதுவும் பொய். எத்தியோப்பியாவின் திருநேஷ் டிபாபா 2003இல் பாரிஸ் உலகப் போட்டியில் 5000 மீட்டர் தங்கம் வென்றபோது அவருக்கு 18 வயது. ஐந்து வருடம் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். சின்ன வயதில் தெரிந்த திறமை, பெரிய வயதிலும் நின்றது. தென்னாப்பிரிக்காவின் ஸோலா பட் 1984 ஜனவரியில், 17 வயதில், வெறுங்காலோடு 5000 மீட்டரை 15 நிமிடம் 1.83 விநாடியில் ஓடினார். அன்றைய உலக சாதனையைவிட அது வேகம். அவர் நாடு விலக்கி வைக்கப்பட்டிருந்ததால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. அதே வருடம் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், அமெரிக்காவின் மேரி டெக்கர் விழுந்த அந்த 3000 மீட்டர் ஓட்டத்தில், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே 7ஆவதாக வந்தார். பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில் எவ்வளவு பெரிய சுமை!

இந்த உதாரணங்களை வரிசையாக வைத்தால் எந்த விதியும் கிடைக்கவில்லை. 299ஆவதாக வருகிற எல்லோரும் உலக சாதனை செய்வதில்லை. 17 வயதில் மின்னுகிற எல்லோரும் அணைந்துவிடுவதும் இல்லை. 12 வயதில் யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தமாதிரி பேசினேன், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் இல்லை, பெண் குலத்தைப் பற்றியே இப்படிப் பேசியவர்கள் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். முடிவில் சிலர் களைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, பெண் உடம்பு இதைத் தாங்காது என்றார்கள். அந்த ஓட்டம் ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்தது 1960இல். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984இல்தான் வந்தது. அதற்கு முந்திய வருடமே, 1983இல், சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் மாரத்தான் தங்கம் வென்றவர் நம்மவரான கே. ஜெயமணி. பெண்ணால் முடியாது என்று சொன்னவர்கள் யாரும், முடியுமா என்று ஓட விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

புகழ்ச்சியும் ஒரு தீர்ப்புதான்

நான் மட்டம் தட்டிய பிள்ளைக்கு மட்டும்தான் கெடுதல் செய்தேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

இரட்டைச் சடைக்காரி முகாமுக்குப் போனாள். புதுச் சப்பாத்து வந்தது. இடைநிலைப்பள்ளியில் மாவட்டம், மாநிலம் என்று போனாள். சனிக்கிழமைகளில் என்னோடும் பயிற்சி தொடர்ந்தது. தாமான் முழுக்க "நம்ம ஓட்டக்காரி" என்று பேர். படிவம் 3 வந்தபோது அவளும் வளரத் தொடங்கினாள். நேரம் ஏறியது. பத்து விநாடி, இருபது விநாடி. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னேன்: "ராத்திரி சோத்த கொஞ்சம் குறைச்சுப் பாரேன்."

அவள் கெட்டிக்காரப் பிள்ளை. சொன்னதை அப்படியே செய்தாள். ராத்திரிச் சோறு நின்றது. பிறகு காலையில் பசியாறுவதும் நின்றது. நேரம் குறைந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

சில மாதம் கழித்து அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு போச்சு. ஓட வசதியா இருக்கு." நானும் சிரித்தேன். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசுகிற பழக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 'தூரம்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். ஒரு பெண்ணாகிய நானே அதைக் காதில் வாங்கி விட்டுவிட்டேன்.

2016இல், மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டது காலைப் பற்றி அல்ல. "மாதவிடாய் ஒழுங்கா வருதா? கடைசியா எப்ப வந்துச்சு?" அவள் என்னைப் பார்த்தாள். எட்டு மாதம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஓடுகிற பிள்ளைக்கு வேண்டிய சாப்பாடு கிடைக்காதபோது, உடம்பு இருக்கிற சக்தியைச் சிக்கனம் பிடிக்கிறது. முதலில் நிறுத்துவதில் ஒன்று மாதவிடாய். அதோடு எலும்புக்குக் காவலாக இருக்கிற ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுகிறது. ஆயுள் முழுக்க வேண்டிய எலும்பு வலுவின் பெரும்பகுதி சேர்வதே இருபது வயதுக்குள்தான். அந்த வயதில் எலும்பைப் பட்டினி போட்டால் பிறகு முழுதாகச் சேர்க்க முடிவதில்லை. இரண்டு வருடம் முன்பே, 2014இல், அனைத்துலக ஒலிம்பிக் குழு இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்து எச்சரித்திருந்தது. நான் படித்திருக்கவில்லை. ஸ்டாப்வாட்சை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, 2019இல், அமெரிக்காவின் மேரி கெய்ன் பேசியதைக் கேட்டபோது எனக்கு உடம்பே கூசியது. நான் அந்த நோட்டில் நேரம் குறித்த அதே 2013இல், 17 வயதில், மாஸ்கோ உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடி 10ஆவதாக வந்தவர் அவர். நாட்டின் வருங்காலம் என்று கொண்டாடப்பட்டவர். எடையைக் குறை குறை என்ற வற்புறுத்தலில் மூன்று வருடம் மாதவிடாய் இல்லை, ஐந்து எலும்பு முறிந்தது என்று அவரே சொன்னார். பெரிய நாடு, பெரிய வசதி. நடந்தது மட்டும் எங்கள் திடலில் நடந்ததேதான்.

இரட்டைச் சடைக்காரியின் கால் ஆறியது. ஆனால் ஓட்டம் திரும்பவில்லை. இன்று பாலர் பள்ளி ஆசிரியை. ஒருமுறை கேட்டேன், ஏன் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தாய் என்று. "நீங்கதான் எல்லார்கிட்டயும் நேஷனல் போவான்னு சொல்லிட்டீங்களேக்கா. நான் போகலைன்னா உங்க வாக்கு பொய்யாயிடும்ல?" என்றாள்.

என் புகழ்ச்சியை அவள் கடனாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டைக் குறைத்து அந்தக் கடனை அடைத்திருக்கிறாள்.

அப்படியென்றால் ஒப்பிடவே கூடாதா?

சிலர் இப்படியும் சொல்கிறார்கள்: "போட்டியே வேண்டாம், எல்லாருக்கும் பரிசு கொடுத்திருவோம்." எனக்கு அதில் சம்மதமில்லை. பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. யார் முன்னால் வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியும். ஓட்டம் என்றாலே பக்கத்தில் ஓடுபவரோடு ஒப்பிடுவதுதான். அந்த ஆசையில்தான் பல பிள்ளைகள் தங்களால் முடியாது என்று நினைத்த வேகத்தில் ஓடுகிறார்கள். அதைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். தேர்வும் தவிர்க்க முடியாது. இருந்தது ஒரே இடம். யாரையாவது அனுப்பித்தான் ஆகணும்.

ஆனால் நாம் ஒப்பிடுதல் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு காரியங்களைச் செய்கிறோம். ஒன்று, இன்றைய ஓட்டத்தில் யார் முந்தினார் என்பது. அது நடந்து முடிந்தது, உண்மை, சத்தமாகச் சொல்லலாம். இரண்டு, இந்தப் பிள்ளை போன மாதத்தைவிட எப்படி ஓடுகிறாள் என்பது. அது பயிற்சிக்குத் தேவை. அதிலும் மழை பெய்த மண் பாதையையும் காய்ந்த பாதையையும் ஒன்றாக வைக்கக் கூடாது. மூன்றாவது, யார் என்ன ஆவாள் என்பது. முதல் இரண்டும் அளவு. மூன்றாவது ஜோசியம். என் தவறு, ஜோசியத்தை அளவு மாதிரி சொன்னது.

அதிலும் இது சாதாரண ஜோசியம் இல்லை. மழை வரும் என்று சொன்னால் வானம் அதைக் கேட்டுக்கொண்டு பெய்யப்போவதில்லை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருத்தியை வருவாள் என்றேன். அவளுக்கு முகாம், சப்பாத்து, வாகனம், என் சனிக்கிழமைகள் எல்லாம் போயின. இன்னொருத்தியை அவ்வளவுதான் என்றேன். அவளுக்கு ஒன்றுமே போகவில்லை. மூன்று வருடம் கழித்து, "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று நானே பெருமையாகச் சொன்னேன். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த தூரத்தில் எவ்வளவு அவர்கள் கால் ஓடியது, எவ்வளவு நான் உண்டாக்கியது? இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திறமை என்பது பிள்ளைக்குள் குடத்துத் தண்ணீர் மாதிரி அளந்து வைத்திருக்கும் ஒன்று என்று நினைக்கிறோம். அதில் பாதி நாம் ஊற்றுவது. ஊற்றாமல் விட்டுவிட்டு, அவள் தலையெழுத்து என்று சொல்லிவிடுகிறோம்.

நம் எல்லோருக்கும் தெரிந்த மாம்பழக் கதையை நினைத்துப் பாருங்கள். கோயில் திருவிழா மேடைகளில் அம்மை அப்பரைச் சுற்றி வந்த அண்ணனின் அறிவைப் பாராட்டித்தான் அந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நானும் பல தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தத் தம்பிதான் நினைவுக்கு வருகிறார். சொன்னபடியே உலகத்தைச் சுற்றி வந்தவர் அவர். வந்து பார்த்தால் பழம் போய்விட்டது. கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய் நின்றார். அங்கேயும் பழம் ஒன்றுதான், பிள்ளைகள் இரண்டு. தேடிப் போய்ச் சமாதானம் சொல்ல அங்கே பெற்றோர் இருந்தார்கள். குட்டை முடிக்காரியைத் தேடி யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அவள் சொன்னது

போன வருடம் கோலாலம்பூரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து, "அக்கா, அடையாளம் தெரியுதா?" என்றாள். முடி இன்னும் குட்டைதான். தோளைக் குறுக்கவில்லை, நிமிர்ந்து நின்றாள். வேலைக்குப் போன பிறகு, இரண்டு வருடமாகத்தான் மறுபடி ஓடுகிறாளாம். நேரம் சாதாரணம்தான். கதைகளில் வருகிற மாதிரி அவள் தேசிய வீராங்கனை ஆகிவிடவில்லை.

அன்று திடலில் சொன்னது கேட்டதா என்று கேட்டேன். கேட்டதாம். மறுநாளே சப்பாத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டாளாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"பரவால்லக்கா. ஒண்ணே ஒண்ணுதான். எனக்கு நெசமாவே வேகம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாமலே போயிருச்சு. இல்லைன்னு தெரிஞ்சிருந்தாகூட நிம்மதியா இருந்திருப்பேன்."

தோல்வி அடைந்தவர்களுக்குக்கூடத் தங்கள் எல்லை எது என்று தெரியும். நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது வெற்றியை இல்லை. ஓடிப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ளும் வாய்ப்பை. இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? முடியாது.

இப்போது நாங்கள் செய்வது

சனிக்கிழமைப் பயிற்சி இன்னும் நடக்கிறது. சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். முடிவுகளை மறைப்பதில்லை, ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு, அதில் அவள் நேரம் மட்டும். தேர்வு வந்தால் ஓடச் சொல்லித்தான் தேர்வு செய்கிறோம். அறிவிக்கும்போது "இந்த முறை இவள்" என்று சொல்கிறோம். 'இந்த முறை' என்ற இரண்டு சொல்லை விடக் கூடாது என்பது எங்கள் கிளையில் சட்டம். போகாத பிள்ளைக்கு அடுத்த வாரம் பயிற்சி கூடுமே தவிரக் குறையாது. எடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பசியாறாமல் வந்தால் ஓட விடுவதில்லை. மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் அம்மாவோடு டாக்டரிடம் போகணும் என்று பெண் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்கிறோம். முதல் தடவை சொன்னபோது தலையைக் குனிந்தார்கள். இப்போது அவர்களே வந்து கேட்கிறார்கள்.

குட்டை முடிக்காரி மாதத்தில் இரண்டு வாரம் வந்து நேரம் குறித்துக் கொடுக்கிறாள், பாதித் தூரத்தில் நின்று.

போன மாதம் ஓர் அப்பா வேலியோரம் நின்று, முன்னாலும் பின்னாலுமாக ஓடிவந்த தன் மகளையும் தன் தம்பி மகளையும் காட்டி, அதே கேள்வியைக் கேட்டார். "இதுங்க ரெண்டுல யாரு பெரிய ஆளா வருவா?"

"தெரியாதுங்கண்ணே" என்றேன். "அடுத்த சனிக்கிழமையும் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. பசியாறிட்டு வரச் சொல்லுங்க."